ஏழாம் நம்பர் டேபிளின் காணாமல் போன கால்பட்டை

அத்தியாயம் 6

அந்தத் தொழிற்சாலையில் கால்களுக்குப் பஞ்சமே இல்லை.

இடது கால்கள் ஒரு ரேக்கில், வலது கால்கள் எதிர் ரேக்கில், குதிகால் தூக்கிய பெண் கால்கள் மட்டும் தனியாகக் கூரைக் கொக்கிகளில். துணிக்கடை வாசலில் புதுத்துணி மாட்டிக்கொண்டு கை நீட்டி நிற்குமே, அந்த ஃபைபர் பொம்மைகளைச் செய்கிற இடம். மாதம் ஆயிரம் கால் வெளியே போகும். ஒன்றில்கூட ஒரு விரல் குறையாது. குறைந்தால் தரப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குறைந்தது பேக்கிங் அக்காவின் இடது காலில்தான். இரண்டு விரல். அந்தக் காலைப் பரிசோதிக்க அங்கே ஆள் இல்லை.

"மணி ரெண்டு. லேபர் ஆபீசர் நாலுக்கு வர்றாங்க. ரெண்டு மணி நேரம் இருக்கு, சித்தப்பா" என்றாள் ஊசி.

ஊசி என்பது ஊர் வைத்த பெயர். தனியார் துப்பறியும் நிபுணர் என்று போர்டு மாட்டியிருந்தாள். ஆனால் எந்த இடத்தில் குத்தினால் காற்று இறங்கும் என்று அவளுக்குத் தெரியும் என்பதால் யாரும் போர்டைப் படிப்பதில்லை. கூட வந்தவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. இருபத்தாறு வருஷம் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அவளுக்கு உதவியாளர். சம்பளம் கிடையாது. அதனால் வாய்க்குப் பூட்டும் கிடையாது.

பேக்கிங் அக்கா குடியிருப்பது ஊசியின் வீட்டு மாடியில். விசாரணைக்கு ஊழியர் தன் பக்கத்துக்கு இரண்டு பேரைக் கூட்டி வரலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த இரண்டு பேர் இவர்கள்.

மேனேஜரின் புகார் இரண்டே வரி. 'ஏழாம் எண் லிஃப்ட் டேபிளில் பொருத்தியிருந்த பாதுகாப்புப் பட்டையை மேற்படி ஊழியர் கழற்றித் திருடிவிட்டார். பின்னர் தன் கவனக்குறைவால் காயம் ஏற்படுத்திக்கொண்டார்.' லேபர் ஆபீசர் இதை ஒப்புக்கொண்டால் அக்காவுக்கு வேலை போகும், வைத்தியச் செலவு போகும். திருடி என்ற பெயர் மட்டும் வீடு வரை கூட வரும்.

ஏழாம் நம்பர் டேபிள் லாரி நிற்கும் வாசலை ஒட்டிக் கிடந்தது. டேபிள் என்றால் நாலு கால் டேபிள் இல்லை. கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடிகிற இரும்புக் கைகள், அதன்மேல் ஒரு கனத்த தகடு. தரையில் உள்ள கால் சுவிட்சை ஒரு பக்கம் மிதித்தால் தகடு ஏறும், மறுபக்கம் மிதித்தால் இறங்கும். பொம்மைப் பெட்டிகளை லாரி உயரத்துக்குத் தூக்கிக் கொடுப்பதுதான் அதன் பிழைப்பு.

"கால்பட்டைன்னா என்னம்மா? கொலுசு மாதிரியா?" என்றார் சித்தப்பா.

ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "தகட்டு விளிம்புக்கு அடியில நாலு பக்கமும் ஒரு அலுமினியப் பட்டை ஓடும் சித்தப்பா. இறங்கும்போது அதுல எது பட்டாலும் டேபிள் அப்படியே நின்னுடும். அப்புறம் மேலதான் போகும். எது பட்டுச்சோ அதை எடுக்கிற வரைக்கும் கீழ வராது."

"எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே சுபாவம். லேசா பட்டாலே எகிறுவாரு. சமாதானம் பண்ணாம இறங்க மாட்டாரு."

"அன்னிக்கு என்னக்கா நடந்துச்சு?" ஊசி தரையில் மண்டியிட்டுத் தகட்டின் அடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பெட்டியிலேர்ந்து பொம்மைக் கை ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. நேரா கால் சுவிட்ச் மேல. என் கால் அடியில இருந்துச்சு."

"அப்ப மிதிச்சது பொம்மையோட கை. அந்தப் பொம்மையை விசாரிச்சாங்களா?" என்றார் சித்தப்பா.

"அது அன்னிக்கு மத்தியானமே ஏத்துமதி ஆயிடுச்சு."

"பாத்தியாம்மா, குத்தவாளி வெளிநாட்டுக்குத் தப்பிச்சாச்சு."

ஊசி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டாள். "பட்டை எப்பலேர்ந்து இல்ல?"

"அடிபடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. சனிக்கிழமை இருந்துச்சு, திங்கக்கிழமை வந்து பாத்தா இல்ல."

"சித்தப்பா, இங்க வாங்க. பட்டை இருந்த இடத்துல இருபத்திரண்டு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு ஸ்க்ரூ. கழட்டின ஆள் ஒண்ணு விடாம திருப்பி முடுக்கிட்டுப் போயிருக்கார்."

சித்தப்பா குனிந்து பார்த்தார். வாட்ச்மேன் கண் அது. "எங்க குடோன்ல நாலு திருட்டு நடந்துச்சும்மா. ஒருத்தன்கூட போகும்போது கதவைச் சாத்திட்டுப் போனதில்ல."

"அது மட்டுமில்ல. பட்டையைச் சும்மா பிடுங்கினா டேபிள் இறங்கவே இறங்காது. ஒயர் அறுந்துடும். இங்க ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுத்தி, டேப் மேல நம்பர் எழுதி ஒட்டியிருக்கு. பழைய இரும்புக்கடைக்குப் போடறவன் நம்பர் ஒட்டுவானா?"

"நம்பர் ஒட்டறவன் மாச சம்பளக்காரன்."

"மெக்கானிக் ரூம் எங்கக்கா?"

*

மெக்கானிக் ரூமின் கதவில் ஒரு போர்டு. 'சீட்டு இல்லாமல் வேலை இல்லை. இப்படிக்கு மேனேஜர்.' அதன் கீழே எட்டு விதிகள். மெஷின் நம்பர் எழுத வேண்டும், வேலை எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும், காரணம் பொய்யாக இருந்தால் வேலை செய்யக்கூடாது. பக்கத்தில் சுவரில் தொங்கும் சீட்டுக் கட்டு, கயிற்றில் கட்டிய பேனா. தொழிலாளி எவனும் சும்மா எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு. எழுதத் தெரியாதவன் கேட்கவே மாட்டான், எழுதத் தெரிந்தவன் பயந்து கேட்கமாட்டான்.

மெக்கானிக் தலைத்தொப்பியைக் கழற்றாமல் ஒரு வால்வை அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஏழாம் நம்பர் பட்டையை யார் கழட்டினது?"

அவர் அரத்தாலேயே சீட்டுக் கட்டைக் காட்டினார்.

"கேள்விக்கும் சீட்டா?" என்றார் சித்தப்பா.

"பதினாலு மாசம் சர்வீஸ் பாக்கி இருக்கு, அய்யா" என்றார் மெக்கானிக். அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

ஊசி எழுதினாள். மெஷின் நம்பர்: 7. வேலை: பட்டை எங்கே என்று சொல்லவும். காரணம்: ஒரு பெண்ணின் பிழைப்பு.

மெக்கானிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். 'தேவைப்படும் பாகங்கள்' என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார்: 'ஞாபகம். ஸ்டாக் இல்லை.'

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது. மேலேர்ந்து வரணும்."

ஊசிக்கு மூக்கு விடைத்தது. திரும்பி வாசல் வரை போய்விட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, சீட்டுல ஒரு தப்பு இருக்கு."

மெக்கானிக் பேனாவை எடுத்து மெஷின் நம்பர் ஏழு என்பதை அடித்தார். பக்கத்தில் எட்டு என்று எழுதி அவள் கையில் கொடுத்தார். பிறகு வால்வுக்கே திரும்பிவிட்டார், அந்த வால்வைத் தவிர உலகத்தில் வேறு எதையும் பார்த்ததே இல்லாதவர் மாதிரி.

வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார். "டேபிளை எல்லாம் எண்ணிட்டுத்தானே வந்தோம். ஏழுதான் இருந்துச்சு?"

"ஏழுதான்."

"அப்ப எட்டாவது எங்க?"

"அதைத்தான் வாங்கினவரைக் கேக்கணும்."

*

கொள்முதல் கிளார்க் நல்ல மனிதர். ஃபைலைக் காட்ட மறுக்கவில்லை. "பாக்கலாம். தொடக் கூடாது" என்று சொல்லி அவரே பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"லிஃப்ட் டேபிள் வாங்கறது மூக்குக் கண்ணாடி வாங்கற மாதிரி மேடம். எல்லாருக்கும் ஒரே டேபிள் கிடையாது. எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், சுத்திக் கைப்பிடிக் கம்பி வேணுமா, அடியில கை கால் போகாம மடிப்புத் திரை வேணுமா, ஆயில் குழாய் வெடிச்சா டேபிள் தடால்னு விழாம பிடிக்கிற வால்வு வேணுமா... கம்பெனிக்காரன் கட்டம் போட்ட ஒரு ஆர்டர் பாரம் அனுப்புவான். நாம டிக் அடிச்சு அனுப்பணும்."

"இங்க டிக் அடிக்கறது யாரு?"

"மேனேஜர் சார்தான்."

"டேபிள்ல வேலை செய்யறவங்களைக் கேட்டீங்களா?"

கிளார்க் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் பாரத்துல இல்லையே மேடம்."

ஏழாம் நம்பரின் பாரத்தில் விசேஷம் இல்லை. எடை ஆயிரம் கிலோ. கால்பட்டை: உண்டு. வால்வு: உண்டு. திரை: வேண்டாம். அடுத்த பக்கம் எட்டாம் நம்பர். ஊசி படிக்கப் படிக்கச் சித்தப்பா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

எடை: முந்நூறு கிலோ. மேல்தகடு: கம்பளம் ஒட்டியது, அரக்கு நிறம். பம்ப்: சத்தம் வராதது. வேகம்: மிக மிக மெதுவாக. சுவிட்ச்: கையால் அழுத்துவது, மறைவாக. மடிப்புத் திரை: நாலு பக்கமும், தேக்கு நிறத்தில். கால்பட்டை: வேண்டாம். உயர எல்லை சுவிட்ச்: வேண்டாம்.

"உயர எல்லைன்னா?"

"இவ்வளவு உயரத்துக்கு மேல போகாதேன்னு நிறுத்தற சுவிட்ச். என் உயரத்துக்கு எவன் எல்லை போடறதுன்னு கேட்டு மேனேஜர் சார் அடிச்சிட்டார்."

"கம்பளம் எதுக்கும்மா?" என்றார் சித்தப்பா. "பொம்மைக்கு உள்ளங்கால் கூசுமோ?"

"சரக்குக்குக் காது கிடையாது சித்தப்பா. சத்தம் வராத பம்ப் எதுக்கு? மேல இருக்கறது பேசுது. மெதுவா ஏறணும்னா, ஏறறது எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. சுவிட்ச் மறைவா இருக்கணும்னா, தெரிஞ்சா மானம் போகும். முந்நூறு கிலோன்னா..."

"ஒரு மேஜை, ஒரு நாற்காலி" என்று விரல் விட்டார் சித்தப்பா. "ஒரு மேனேஜர்."

கிளார்க் சட்டென்று ஃபைலை மூடினார். மூடிய வேகத்தில் உள்ளிருந்து ஒரு சீட்டு நழுவிச் சித்தப்பாவின் செருப்பு மேல் விழுந்தது. தொடக் கூடாது என்ற விதி செருப்புக்குப் பொருந்தாது. அவர் காலைத் தூக்கிக் காட்டினார், ஊசி படித்தாள்.

'மெஷின் நம்பர்: 8. உதிரிபாகம்: ஷூ, கறுப்பு, கூர் முனை, இடது, ஒன்று. காரணம்: முதலாளியின் மாப்பிள்ளைக்கு.'

"ஒத்தை ஷூவா வாங்கினீங்க?"

"கடைக்காரன் ஜோடியாத்தான் குடுப்பேன்னுட்டான். வலது ஷூ ஸ்டோர்ல இருக்கு. உதிரிபாகம்னு ஏத்தியாச்சு." கிளார்க் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு அடிபடறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை சார் வந்திருந்தார். பேசி முடிச்சு மேனேஜர் சார் கீழ இறங்கும்போது, மாப்பிள்ளை சார் ஷூ முனை டேபிள் விளிம்புக்கு அடியில மாட்டிக்கிச்சு. காலுக்கு ஒண்ணும் இல்ல. ஷூ மட்டும் கொஞ்சம் நசுங்கிப் போச்சு."

"சனிக்கிழமை ஷூ நசுங்குது. திங்கக்கிழமை ஏழாம் நம்பர்ல பட்டையைக் காணோம்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். பாரத்துல எட்டாம் நம்பருக்குப் பட்டை கிடையாது. ஃபைல் பிரகாரம் பட்டை இல்ல."

ஒரு ஷூவின் நுனிக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்வு. அந்த நுனியில் விரல்கூட இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்றைக் காப்பாற்றப் போய் ஒரு பெண்ணின் விரல் போயிருக்கிறது. இதை லேபர் ஆபீசரிடம் சொன்னால் மேனேஜர் என்ன சொல்வார் என்று ஊசிக்குத் தெரியும். பாரத்தைக் காட்டுவார். திரையைத் தூக்கிப் பார்க்க விடமாட்டார். அவராக வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில்.

மணி மூன்றரை. அவள் பொம்மை ரேக்கின் பக்கம் நடந்தாள்.

"சித்தப்பா, அதுல நல்ல நீளமா ஒரு கால் எடுங்க."

"இடதா, வலதா?"

"இடது."

*

மேனேஜரின் அறையில் முதலில் கண்ணில் பட்டது நாள்காட்டி. அது கூரைக்கு ஒரு முழம் கீழே மாட்டியிருந்தது. இன்றைய தேதி சரியாகக் கிழிக்கப்பட்டிருந்தது.

"தினம் யாரு கிழிக்கறா, பல்லியா?" என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

அறை நடுவே அரைச் சாண் உயரத்தில் ஒரு மேடை. சுற்றிலும் தேக்கு நிற மடிப்புத் திரை. மேலே அரக்குக் கம்பளம், மேஜை, நாற்காலி, மேனேஜர். பருத்த உடம்பு, மெல்லிய குரல்.

"உட்காருங்க. அது என்ன கையில?"

"கால் சார்" என்றார் சித்தப்பா. "சாட்சிக்கு."

மேனேஜர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்தத் தொழிற்சாலையில் காலோடு நடமாடுவது ஒரு அதிசயம் இல்லை. "அந்தப் பொண்ணு மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கு. நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு..."

ஒழுக்கம் என்றபோது அவர் முகம் ஊசியின் முகத்துக்கு நேராக இருந்தது. நிர்வாகம் என்றபோது அவள் கொஞ்சம் நிமிர வேண்டியிருந்தது. திருட்டு என்ற இடத்துக்கு வந்தபோது அவளுக்கு அவருடைய மூக்குத் துவாரங்கள் தெரிந்தன.

"சார், நீங்க வளர்ந்துட்டே இருக்கீங்க" என்றார் சித்தப்பா.

"பதவி அப்படி" என்றார் மேனேஜர் அடக்கமாக.

மேடை ஊசியின் மார்பளவைத் தாண்டி நின்றது. ஊசி எழுந்து தன் நாற்காலியைச் சித்தப்பாவிடம் தள்ளினாள். அவர் அதை மேடை விளிம்புக்கு அடியில் கொண்டுபோய், பொம்மைக் காலைத் தலைகீழாக, பாதம் மேலே பார்க்கும்படி நிறுத்தினார். தொடைப் பக்கம் நாற்காலியில், ஐந்து விரல்களும் விளிம்பை நோக்கி. மேலே இருந்தவருக்கு இது தெரியவில்லை. அந்த உயரத்திலிருந்து கீழே நடப்பது எதுவும் தெரியாது.

மேஜை மேல் போன் அடித்தது. "என்ன, ஆபீசர் மேடம் வந்துட்டாங்களா? அனுப்புங்க, அனுப்புங்க." அவர் பரபரத்தார். பெரிய இடத்து ஆட்கள் வரும்போது அவர் தரையில் இருப்பார். அதுதான் அவருடைய மரியாதை. மேஜைக்கு அடியில் கை போனது.

மேடை நாலு விரற்கடை இறங்கியது. டிக். நின்றது.

மறுபடி அழுத்தினார். அசையவில்லை. ஏறுவதற்கு அழுத்தினார், ஒரு சாண் ஏறியது. அந்தச் சந்தில் சித்தப்பா சுவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த ரெஜிஸ்டரை எடுத்துக் காலுக்கு அடியில் செருகினார். மேனேஜர் இறங்கினார். டிக். ஏறினார். சித்தப்பா இன்னொரு ரெஜிஸ்டர். டிக். ஏறுவதெல்லாம் மேனேஜர் கையில் இருந்தது, இறங்குவது மட்டும் சித்தப்பா கையில். நாலாவது ரெஜிஸ்டருக்கு மேனேஜரின் உச்சந்தலை கூரையில் முட்டியது. எல்லை சுவிட்ச் இல்லாத டேபிள், கூரைதான் எல்லை.

கதவு திறந்தது. லேபர் ஆபீசர் அம்மா தோள்பையோடு உள்ளே வந்தார். பின்னால் ஊன்றுகோலில் பேக்கிங் அக்கா.

"மேனேஜர் எங்கே?"

"இங்கே, மேடம்" என்றது கூரை.

ஆபீசர் அண்ணாந்தார். மேனேஜர் வணக்கம் சொன்னார். தனியாகத் தலை குனிய வேண்டியிருக்கவில்லை, கழுத்து ஏற்கெனவே மடிந்துதான் இருந்தது.

"ஏன் அங்க போய் உக்காந்திருக்கீங்க?"

"சின்னக் கோளாறு மேடம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க! யாராவது ஏணி கொண்டு வாங்க!"

மெக்கானிக் வந்தார். நிலைமையை ஒருமுறை பார்த்தார். பொம்மைக் காலையும் பார்த்தார். முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. "ஏணிக்கு ஸ்டோர் சீட்டு வேணும் சார். ஸ்டோர் கீப்பர் லீவு. டேபிளுக்கு என் சீட்டு வேணும்."

"யோவ், கண்ணால பாக்கறியே!"

"பாக்கறேன் சார். பாக்கறதுக்குச் சீட்டு தேவையில்லை."

மேலே மேஜை டிராயர் திறக்கும் சத்தம். ஒரு சீட்டு மெதுவாக ஆடி ஆடி இறங்கியது. மெக்கானிக் படித்தார். "காரணம், பம்ப் பழுது." திரையைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டார். "பம்ப் ஆரோக்கியமா இருக்கு. பொய்க் காரணத்துக்கு வேலை செய்யக் கூடாது. நாலாவது விதி."

இரண்டாவது சீட்டு. "காரணம், மின்தடை." மெக்கானிக் எரிகிற விளக்கைப் பார்த்தார். ஆபீசரும் பார்த்தார். சீட்டு ஓரமாகப் போனது.

மூன்றாவது சீட்டு வர நேரமானது. வந்தது. "கால்பட்டையில் தடை. நீக்கவும்."

"மேடம்" என்றாள் ஊசி. "எட்டாம் நம்பர் பாரத்துல கால்பட்டை வேண்டாம்னு அவர் கையெழுத்துல இருக்கு. இல்லாத பட்டையில எப்படித் தடை வரும்?"

"அதானே" என்றார் ஆபீசர்.

"பாகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதணும் சார். அஞ்சாவது விதி" என்றார் மெக்கானிக்.

கூரையிலிருந்து ஒரு துளி வியர்வை விழுந்து ஆபீசரின் தோள்பையில் பட்டது. பிறகு பேனா கீறும் சத்தம். நான்காவது சீட்டை ஆபீசரே காற்றில் பிடித்தார். உரக்கப் படித்தார்.

"ஏழாம் எண் டேபிளிலிருந்து என் உத்தரவின்பேரில் கழற்றி எட்டாம் எண் டேபிளில் மாட்டிய கால்பட்டையில் தடை. நீக்கவும். கையொப்பம். தேதி."

பேக்கிங் அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஊசி அவள் தோளைப் பிடித்தாள். அக்கா பார்த்தது மேனேஜரை இல்லை, மெக்கானிக்கை.

"அண்ணே, நீங்களா கழட்டினீங்க?"

"சீட்டு வந்துச்சும்மா."

"பதினோரு வருஷமா ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஆபீசர் பையிலிருந்து புகார்த் தாளை எடுத்து, திருட்டு என்ற வரியைக் குறுக்கே அடித்தார். வேலை, சம்பளம், வைத்தியச் செலவு மூன்றும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அடியில் எழுதினார். "இதுல அவர் கையெழுத்து வேணும்." அக்கா அந்தத் தாளை வாங்கித் தன் ஊன்றுகோலின் நுனியில் செருகி மேலே நீட்டினாள். கையெழுத்தோடு தாள் திரும்பி வந்தது. அவள் அதை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"இப்பவாவது இறக்குய்யா! உண்மையான சீட்டு குடுத்தாச்சே!"

"குடுத்துட்டீங்க சார். ஆனா வரிசைப்படிதான் செய்யணும். இதுக்கு முன்னாடி ஒண்ணு பாக்கி நிக்குது."

மெக்கானிக் தலைத்தொப்பியைக் கழற்றினார். உள்ளே மடித்து வைத்திருந்த ஒரு சீட்டு. எண்ணெய்க் கறை படிந்து, வியர்வையில் ஓரம் நைந்திருந்தது. அதை அக்காவிடம் நீட்டாமல் ஆபீசரிடம் நீட்டினார், அக்காவைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"அந்தத் திங்கக்கிழமை காலையில இந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, பட்டை இல்லாம பயமா இருக்குன்னு சொல்லுச்சு மேடம். நான் பதில் பேசல. அது போனப்புறம் அது பேர்ல நானே சீட்டு எழுதி மேல அனுப்பினேன்."

சீட்டில் இருந்தது: 'மெஷின் நம்பர்: 7. வேலை: கால்பட்டை திருப்பி மாட்டவும். காரணம்: கால் போய்விடும்.' அதன் குறுக்கே சிவப்பு மையில், மேனேஜரின் கையெழுத்தோடு: 'அவசரமில்லை.'

"விபத்து நடந்த அன்னிக்கு இதைக் கிழிச்சுப் போடச் சொன்னார்" என்றார் மெக்கானிக். "கிழிக்கறதுக்குச் சீட்டு குடுக்கல. அதனால வச்சிருந்தேன்."



ஆபீசர் சீட்டை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "சரி. வரிசைன்னா வரிசைதான். ஏழாம் நம்பர் வேலையை முடிங்க."

மெக்கானிக் மூலையிலிருந்து இரண்டு தாங்கு கம்பிகளைக் கொண்டுவந்தார். தூக்கி நிற்கிற டேபிளுக்கு அடியில் கை வைப்பதற்கு முன் அவற்றை இரும்புக் கைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் டேபிள் நினைத்தாலும் இறங்காது. கொடுத்தார். தட்டிப் பார்த்தார். பொம்மைக் காலை எடுத்துச் சுவரோரமாக நிறுத்தினார். பிறகு மண்டியிட்டு முதல் ஸ்க்ரூவைத் திருகினார்.

"எத்தனை ஸ்க்ரூ?" என்று கூரை கேட்டது.

"இருபத்திரண்டு சார். இங்கே கழட்டணும், அங்கே மாட்டணும். ஓட்டிப் பாக்கணும்."

மூன்றாவது ஸ்க்ரூவில் அவர் கை நின்றது. தலையைத் திருப்பாமலே பேசினார்.

"ஏம்மா, உன் சீட்டுல இன்னும் ஒரு வரி இடம் இருக்கு. வேற ஏதாச்சும் சேர்க்கணுமா?"

அக்கா கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள்.

"கால் சுவிட்சுக்கு மேல ஒரு மூடி இருந்தா நல்லாருக்கும் அண்ணே. எது விழுந்தாலும் மிதிபடாம."

"நல்ல யோசனை." மெக்கானிக் பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினார். மையை ஊதிக் காயவைத்தார்.

"எவ்வளவு நேரம்தான்யா ஆகும்?"

"பட்டைக்கு ஒன்றரை மணி நேரம் சார்" என்றார் மெக்கானிக். "மூடி வெளியூர்லேர்ந்து வரணும்."